எங்கள் யூனிட்டின் ஆண்டுச் சொல்

எல்லாரும் ஓட்டுப் போட்டு முடித்ததும், கள்ள ஓட்டு விழக் கூடாதென்று ஓட்டுப்பெட்டிக்கு நானே டேப் ஒட்டினேன். பெட்டி என்றால் பேண்டேஜ் அடைக்கும் அட்டைப்பெட்டிதான். டேப் ஒட்டிய பெட்டியைக் கண்டால் கேள்வி கேட்காமல் லோடில் ஏற்ற வேண்டும் என்று பத்து வருஷமாக ஆட்களைப் பழக்கியவனும் நான்தான். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் இராஜபாளையத்து ஜனநாயகம் வேன் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

எல்லாம் பேப்பர் படித்ததால் வந்தது. ஒவ்வொரு மொழியிலும் வருஷத்துக்கு ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுக்கிறார்களாம். ஜப்பானில் ஒரே ஓர் எழுத்தைக் கோயிலில் வைத்துப் பெரிய தூரிகையால் எழுதிக் காட்டுகிறார்கள். இங்கிலீஷ் அகராதிக்காரர்கள் ஒரு வருஷம் 'மூளை அழுகல்' என்றார்கள். நாற்பத்திரண்டு பேர் வேலை பார்க்கும் எங்கள் பேண்டேஜ் யூனிட் மட்டும் என்ன இளப்பமா? "இந்த வருஷம் இங்க அதிகமாக் காதுல விழுந்த வார்த்தைய எழுதிப் போடுங்க" என்று சூப்பர்வைசர் தோரணையில் அறிவித்தேன். 'உழைப்பு' ஜெயிக்கும், முதலாளி எனக்கு ஒரு சால்வையாவது போர்த்துவார் என்று கனவு.

அறிவித்த கையோடு மாரிக்கனி வந்து நின்றாள். புருஷன் பட்டாளத்தில். இவள் நைட் ஷிப்டுக்கு வந்துவிட்டால் எட்டு வயசு மகள் வீட்டில் தனியாகப் படுக்க வேண்டும். ஆனி மாசத்திலிருந்து திங்கட்கிழமை தவறாமல் கேட்கிறாள்.

"பகல் ஷிப்டுக்கு மாத்தி விடுங்க அண்ணாச்சி."

"பாப்போம். மொதல்ல ஓட்டப் போடும்மா."

பைக்கை விரட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஆஸ்பத்திரி ஸ்டோரில் இருந்த ஜெயபாய் பெட்டியைப் பிரித்து, சீட்டுகளை எண்ணியும் முடித்திருந்தார்.

"பேண்டேஜ் கேட்டா சீட்டு அனுப்புதிய. சரி, யாரு சார் அந்தப் 'பாப்போம்'? நாப்பத்திரண்டுல முப்பத்தொம்பது அதுதான்."

மீதி மூன்றில் ஒன்று 'டார்கெட்', ஒன்று 'கரண்ட் இல்ல'. இன்னொன்று 'உழைப்பு'. அது என் கையெழுத்து.

முதலாளியைத்தான் குத்தியிருக்கிறார்கள் என்று உள்ளுக்குள் குஷி. ஷிப்டு மாறும் நேரத்துக்குத் திரும்பி வந்து, பேக்கிங் மேஜைப் பெண்களிடம் கேட்டேன்.

"ஏம்மா, யாரு சொல்லுத வார்த்த இது?"

"பொறவு சொல்லுதேன்" என்றாள் வெள்ளத்தாய், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அனுசியா, நீ சொல்லு."

"பாப்போம் அண்ணாச்சி."

மேஜையே குலுங்கிச் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அனுசியா அதை அச்சு அசலாக என் குரலில் சொல்லியிருந்தாள்.

ஷிப்டு நோட்டை எடுத்து மாரிக்கனி பெயரை நைட்டில் அடித்து, பகலில் எழுதினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கைப்பையைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தவளிடம் போனேன்.

"மாரிக்கனி, திங்கக்கெழமலருந்து பகல் ஷிப்டு. வருவியா?"

அவளும் பாப்போம் என்பாள் என்று தயாராக நின்றேன்.

"வரல அண்ணாச்சி. வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு யூனிட்ல திங்கக்கெழம சேருதேன். பகல் வேலதான். கேட்ட ஒடனே அவிய சரின்னுட்டாவ."