வன்னி முழுவதும் சீதனம்

என் மனுசன் சிவராசாவுக்கு எதைக் கொடுத்தாலும் அதை வயல்காணியாகத்தான் பார்ப்பார். யாழ்ப்பாணத்துப் பனிமலர் ஐஸ்கிறீம் கம்பனி, வன்னி முழுவதும் தங்கள் பெயரில் கடை திறக்கும் உரிமையை அவருக்குக் கொடுத்திருந்தது. முதற்கடை கிளிநொச்சியில். பெயர்தான் அவருக்கு, நடத்தியது எங்கள் மகள் யதுர்ஷிகா. பெட்டி இறக்குவதும் அவள், குளிர்ப்பெட்டி பழுதானால் திருத்துபவனோடு மல்லுக்கட்டுவதும் அவள். மனுசன் மேசையில் இருந்து பேப்பர் பார்ப்பார்.

அந்த உரிமையைத்தான் அவளுக்குச் சீதனமாகப் பேசிவிட்டு வந்து நின்றார். மாப்பிள்ளை நெளுக்குளத்து ஜனார்த்தனன். அவனுடைய தகப்பன் முத்துலிங்கத்துக்குக் காணி வேண்டாமாம். புதுக் கம்பனி ஒன்று பதிந்து, உரிமையை அதற்கு மாற்றி, மாப்பிள்ளையை முதலாளியாக்க வேண்டுமாம்.

“அப்ப நான்?” என்றாள் யது.

“நீ வீட்டில ராசாத்தி மாதிரி இருக்கலாம் பிள்ளை.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கத்த வாயெடுத்தேன், அவள் என் கையைக் கிள்ளினாள்.

“சரியப்பா. பனிமலர் முதலாளி பிரேமிளா அக்கா சம்மதிச்சாத்தான் உரிமை மாறும். நானே கூப்பிடுறன்.”

அன்று பின்னேரம் அவள் போனில் குசுகுசுத்தது எனக்குக் கேட்டது. “அக்கா, பொறுப்புக் கதையை மட்டும் கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கோ.”

கையெழுத்து நாளில் கடையிலேயே கூடினோம். முத்துலிங்கம் மடிப்புக் கலையாத வேட்டியோடு கதிரையில் இருந்து, ஐஸ்கிறீமைச் சுவைத்தபடி பிரேமிளாவை விசாரித்தார்.

“எல்லை எதுவரைக்கும்?”

“ஆனையிறவுக்கு இங்கால முழுக்க ஐயா, வவுனியா வரைக்கும்.”

“முல்லைத்தீவும் சேர்த்தியோ?”

“ஓம்.”

“நல்லது. குத்தகைக்கு விடலாம்தானே?”

பிரேமிளா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. பிறகு குரலை நன்றாக உயர்த்தினா.

“இது காணியில்லை ஐயா. புதுக் கம்பனியை நடத்துறவர் ரெண்டு வருசத்துக்குள்ள முல்லைத்தீவிலயும் வவுனியாவிலயும் கடை திறக்கவேணும். திறக்காட்டி உரிமை எங்களிட்டத் திரும்பும், நட்டமும் அவரின்ர தலையில. அதுக்கு ஈடா ஒரு வீடுவளவைப் பொறுப்பு வைக்கவேணும். நெளுக்குளத்து வீட்டை வைப்பீங்களோ?”

ஐஸ்கிறீம் உருகி வேட்டியில் சொட்டியது. மாப்பிள்ளை தகப்பனைப் பார்த்தான். தகப்பன் மின்விசிறியைப் பார்த்தார்.

“பெம்பிளைப்பிள்ளைக்குக் குடுக்கிறது அவளின்ர பேரிலயே இருக்கட்டும். அதுதானே எங்கட முறை,” என்றார் கடைசியில். அடேயப்பா, முறை அப்போதுதான் ஞாபகம் வந்தது!

“அப்ப நான் நடத்துறன்,” என்று யது முந்திக்கொண்டாள்.

“நீர் எந்த வீட்டை வைப்பீர்?” என்று பிரேமிளா கேட்டா.

யதுவின் முகம் விழுந்துவிட்டது. அவ்வளவு கெட்டித்தனம் செய்தவள் இதை யோசிக்கவேயில்லை. ஒரு நிமிடம் விட்டால் மனுசன் மறுபடியும் பேரம் பேசத் தொடங்கிவிடுவார்.

“தர்மபுரத்து வீட்டை வையுங்கோ,” என்றேன்.

மனுசன் துள்ளி எழும்பினார். “இரஞ்சிதம், விசரே உனக்கு? அது சீதன வீடெல்லோ!”

“ஓம், என்ர சீதனம்தான். உங்களுக்குத் தந்ததெண்டு நினைச்சனீங்களோ?”

மாப்பிள்ளை களுக்கென்று சிரித்துவிட்டான். என் வீடானாலும் புருசன் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்பதால் பேனாவை அவர் கையில் திணித்தேன். அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு கையெழுத்தைப் போட்டார்.