தம்பி இல்லாத நாவல்

இப்போதெல்லாம் பழைய கதையைப் பழையபடியே சொன்னால் யாரும் சீந்துவதில்லை. ஏழு கடல் தாண்டி உயிரை ஒளித்து வைத்த அரக்கனுக்கு ஒரு மனக்காயம் வேண்டும். சூனியக்காரிக்குச் சோகமான சிறுவயது வேண்டும். எல்லாவற்றுக்கும் காரணம் இளவரசிதான் என்று கடைசி அத்தியாயத்தில் தெரியவர வேண்டும். நம் நாவலாசிரியர் இந்த வித்தையில் கைதேர்ந்தவர். மாற்றாந்தாய்க் கதையைத் தலைகீழாகக் கவிழ்த்து அவர் எழுதிய நாவல், ஒரே வருடத்தில் அவரை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டது.

அதில் சித்தி நல்லவள், வாயில்லாப் பூச்சி. மூத்தவளின் மகள்தான் பொல்லாதவள். அப்பாவின் மனதைக் கலைப்பதற்காக, சூடான இஸ்திரிப் பெட்டியைத் தன் கையில் தானே வைத்துக்கொண்டு, சித்தி வைத்துவிட்டாள் என்று ஊரைக் கூட்டுகிறாள். அந்த அத்தியாயத்தைப் படித்ததிலிருந்து தூக்கமே வரவில்லை என்று வாசகர்கள் எழுதினார்கள். ஆசிரியருக்கு உச்சி குளிர்ந்தது.

அவருக்கு ஓர் அக்கா உண்டு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவாள், முன்கையில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்த தழும்பு இருக்கிறது. "உன் புத்தகத்தைத் தூக்கினாலே எனக்குக் கொட்டாவி வருதுடா" என்று தம்பியிடமே சொல்லிச் சிரிப்பாள். அவள் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான், 'அக்காவுக்கு அன்புடன்' என்று கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை அவளிடமே கொடுத்திருந்தார். தைரியத்திலும் இப்படிக் கேவலமான தைரியம் ஒன்று இருக்கிறது.

முதலில் அவர் எழுதியது வேறு. முதல் வரைவில் சித்தி சித்தியாகவே இருந்தாள். அந்த வீட்டில் ஏழு வயதில் ஒரு தம்பியும் இருந்தான். சித்தி அக்காவின் கையைப் பிடித்து இழுத்துப் பெட்டியை வைத்தபோது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்தவன். சாயங்காலம் அப்பா வந்து, "நீயே சுட்டுக்கிட்டு சித்தி மேல பழி போடுறியா?" என்று அக்காவை அதட்ட, பக்கத்தில் நின்று சித்தி முறைக்க, கால்சட்டையை நனைத்துக்கொண்டே "அக்கா இல்லப்பா, சித்திதான் வச்சாங்க" என்று சொன்னவன். சித்தி விட்ட அறையில் அவனுக்குக் காது இரைந்தது. ஆனால் அப்பா நம்பிவிட்டார். மறுநாளே அக்காவை அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார், அவள் தப்பித்தாள். இதில் ஓர் எழுத்துகூட ஆசிரியரின் கற்பனை இல்லை. அந்தப் பையன் அவரேதான்.

பதிப்பகத்தில் வரைவைப் படித்தவர் உதட்டைப் பிதுக்கினார். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா சித்தி கெட்டவ, பொண்ணு பாவம்னா அது அரதப் பழசு. இதை இன்னிக்கு யாரு வாங்குவாங்க? கவுத்துப் போடுங்க."

கவிழ்த்துப் போட்டார். எல்லாம் சுலபமாகத்தான் கவிழ்ந்தது, அந்தத் தம்பி ஒருவன்தான் இடைஞ்சல். கண்ணால் பார்த்தவன் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் திருப்பம் எப்படி நிற்கும்? ஆகவே ஒரு மத்தியானம் உட்கார்ந்து, பக்கம் பக்கமாக அவனை வெட்டித் தள்ளினார். தன் வாழ்நாளில் தான் செய்த ஒரே வீரமான காரியத்தை வெட்டித் தள்ளுகிறோம் என்று அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை. நாவல் இறுகி வந்திருக்கிறது என்று சந்தோஷம் வேறு.

நூலகத்தின் மேல்மாடியில் வாசகர் கூட்டம். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் எழுந்து, "சார், அந்த இஸ்திரிப் பெட்டி சீன் உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டார். போகிற இடமெல்லாம் கேட்கப்படும் கேள்விதான். பதிலும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"பழைய கதை எப்பவும் அந்தப் பொண்ணு சொல்றதை நம்பிடுது. ஏன் நம்பணும்னு எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு. மத்ததெல்லாம் சும்மா கற்பனை..."

கடைசி வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம். சட்டையின் கைகளை முழங்கை வரை மடித்து விட்டிருந்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

கை தூக்கினாள். ஒலிவாங்கி அவளிடம் போனது. "ஒரே ஒரு கேள்வி சார். அந்தப் பொண்ணுக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்லையா?"

அவள் வாயிலிருந்து வந்த 'சார்' செருப்பால் அடித்தது போலிருந்தது. "இல்ல... கதைக்குத் தேவைப்படல."

"ஒரு தம்பி இருந்திருந்தா, அவன் என்ன சொல்லியிருப்பான்?"

ஏழு வயதில் வாயில் வந்த அதே சொற்களைச் சொன்னால் போதும். இப்போது முறைக்க யாரும் இல்லை, அறையவும் யாரும் இல்லை. ஆனால் இத்தனை பேர் பார்க்கிறார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் சொன்னார்: "அவன் இருந்திருந்தா, இந்த நாவலே இருந்திருக்காது."

அறை முழுக்கக் கைதட்டல். யாரோ "பிரமாதம்" என்றார்கள். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று அவருக்கு இருந்தது. அக்கா கைதட்டவில்லை. புத்தகத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மேடையை விட்டு இறங்கிப் படியில் தடதடவென்று ஓடினார். பயிற்சிப் பள்ளியின் பலகை மாட்டிய காரில் அவள் உட்கார்ந்து, சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட கார் கத்துக்குற பொண்ணு, நான் எட்டி ஸ்டியரிங்கைப் பிடிச்சப்போ சட்டை மேல ஏறவும் இந்தக் கையைப் பார்த்துடுச்சு" என்றாள். "'நாவல்ல வர்றவளுக்கும் இதே இடத்துலதான் மேடம், நீங்களும் உங்களையே சுட்டுக்கிட்டீங்களா'ன்னு சிரிச்சுச்சு. விளையாட்டுக்குத்தான் கேட்டுச்சு, பாவம். அப்புறம்தான் எடுத்துப் படிச்சேன்."

"அக்கா..."

"சூடு வச்சதுகூட எனக்கு மறந்துபோச்சுடா. அன்னிக்கு நீ நடுங்கிக்கிட்டே அப்பா முன்னாடி நின்ன பாரு, அது மறக்கல. யாரு நம்பாட்டியும் எனக்குன்னு ஒருத்தன் இருக்கான்னு நினைச்சுக்கிட்டேதான் இத்தனை வருஷமும் ஓட்டினேன்."

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தவித்தார். வாயில் வந்தது இதுதான்: "அடுத்த பதிப்புல அவனைச் சேர்த்துடறேன்க்கா."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. "வேணாம்டா" என்றாள். "அவனை உன் கையில கொடுக்க மாட்டேன். அவன் என்கிட்டயே இருக்கட்டும்."

அவர் விரல்களைக் கதவிலிருந்து மெதுவாக விலக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

"சார், கையெழுத்துக்கு வரிசை நிக்குது" என்று மாடியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் மேலே போய் உட்கார்ந்து, நீட்டிய புத்தகங்களிலெல்லாம் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.