அந்தப் பூங்காவின் காலைகள்

மீராசாவுக்குப் பாரிசவாதம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு வெளிக்கிட்டவர் அறைக்குள்ளேயே நின்றுவிட்டார். "என்ன மச்சான், பாங்கும் சொல்லியாச்சி" என்று குசினியிலிருந்து மனைவி ஸுல்பிகா கூப்பிட்டாள். பதில் இல்லை. வந்து பார்த்தால், பொத்தான் போடாத சேர்ட்டோடு கட்டிலில் இருந்தபடி தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல. வாயின் ஒரு பக்கம் சரிந்திருந்தது.

அந்தச் சரிவை ஸுல்பிகா அறிவாள். ஒருகாலத்தில் அப்படிச் சரிந்த ஒரு வாய்க்கு அவள் வருஷக்கணக்காகக் கஞ்சி ஊட்டியிருக்கிறாள். அதனால் அழுதுகொண்டு நிற்கவில்லை. முன்வீட்டில் இருந்த மகன் றிபாஸைக் கூப்பிட்டாள். தொழுகைக்குப் போன சனம் திரும்புவதற்குள் மீராசா கல்முனை ஆஸ்பத்திரியில் இருந்தார்.

உயிருக்கு ஒன்றும் இல்லை. பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கால் இழுத்தது, ஆனாலும் பிடித்துக்கொண்டு நடக்கலாம். கைதான் வரவில்லை. நெல் வியாபாரம் செய்த மனிதர் அவர். வாலிபத்தில் மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் வைத்தவர் என்று ஊரில் சொல்வார்கள். இப்போது அந்தக் கை மடியில் சுருண்டு கிடந்தது. ஆஸ்பத்திரியில் பயிற்சிகள் சொல்லிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஸுல்பிகா தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்தாள். சுருண்ட விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். உள்ளங்கையின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்தாள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை மெல்ல அழுத்திப் பிடித்தாள். பிறகு முழங்கை, தோள்மூட்டு. அவளுடைய கைகள் அவளைக் கேட்காமலேயே வேலை செய்தன.

மீராசா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அது வரவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"சீனத்திக்குச் செஞ்ச வேலைய எனக்குச் செய்யாத, புள்ள."

ஸுல்பிகா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கிணற்றடியில் நின்று முகத்தைக் கழுவினாள், பிறகு இன்னொரு முறையும் கழுவினாள்.

அவள் சிங்கப்பூருக்குப் போனது இருபத்தைந்து வருஷங்களுக்கு முன்னால். நாட்டு நிலைமையால் வயலுக்குப் போக முடியாமல், வியாபாரமும் படுத்துக் கிடந்த காலம். பிள்ளைகள் நஜ்லாவையும் றிபாஸையும் மீராசாவின் தங்கை கமீலாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். வேலை, திருமதி சுவா என்ற முதிய சீனப் பெண்ணைப் பார்த்துக்கொள்வது. கணக்கு ரீச்சராக இருந்தவர். பாரிசவாதத்தில் ஒரு பக்கமும் பேச்சும் போய்விட்டிருந்தது. மிஞ்சியிருந்தது ஒரேயொரு சொற்றொடர். "மான் மான் லாய்." மெல்ல மெல்ல வா என்று அர்த்தம். பசித்தாலும் அதையே சொல்வார், கோபம் வந்தாலும் அதையே. சொல்கிற தொனியை வைத்துத்தான் ஸுல்பிகா எது வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். மகள் நல்ல மனுஷி. ஸுல்பிகாவுக்கென்று பன்றி படாத புதுச் சட்டியும் கரண்டியும் வாங்கி, வேறு அலுமாரியில் வைத்துக் கொடுத்தாள்.

காலையில் மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த பூங்காவுக்குச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவாள். திருமதி சுவாவின் பழைய சிநேகிதிகள் அங்கே வரிசையாக நிற்பார்கள். முதலில் மூச்சுப் பயிற்சி, அதைச் சீகோங் என்றார்கள். பிறகு தாய்ச்சி. தண்ணீருக்குள் நடப்பதுபோல ஒரு நடை, காற்றைக் கும்பாவில் அள்ளி ஊற்றுவதுபோலக் கைகள். திருமதி சுவாவும் எழுந்து நிற்க வேண்டும் என்று அடம்பிடித்தார். ஸுல்பிகா அவருக்குப் பின்னால் ஒட்டி நின்று, இடுப்பை ஒரு கையால் அணைத்து, மறுகையால் அவருடைய செத்த கையைத் தூக்கி, முன்னால் நிற்பவர்கள் செய்வதுபோலவே அசைப்பாள். அப்படித்தான் அது அவளுடைய உடம்பிலும் ஏறியது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இன்னொருவரைத் தாங்கிப் பிடித்துப் பிடித்தே படிந்துவிட்டது.

ஊருக்கு வந்த பிறகு அந்தப் பூங்காவைப் பற்றி அவள் ஒருவரிடமும் கதைத்ததில்லை. அவள் ஊருக்கு வந்தது சுனாமிக்குப் பிறகு. கடல் கமீலாவைக் கொண்டுபோய்விட்டிருந்தது.

கல்முனையில் டொக்டர் சர்மினி அக்குபங்சர் செய்கிறார் என்று றிபாஸ் கேள்விப்பட்டு வந்தான். மெதடிஸ்த குடும்பத்துப் பெண். ஆங்கில வைத்தியம் படித்துவிட்டு, கொழும்பில் இதையும் பழகியவர். வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த அறையில் வைத்துத்தான் நோயாளிகளைப் பார்த்தார். முதல் நாளே ஒளிக்காமல் சொன்னார்.

"ஊசி போட்டவுடன கை எழும்பும் எண்டு நான் சொல்லமாட்டன், ஐயா. சிலருக்கு இறுக்கம் குறையுது, நித்திரை நல்லா வருது. சிலருக்கு ஒண்டும் இல்ல. ஆஸ்பத்திரி மருந்த மட்டும் ஒரு நாளும் விடக்கூடாது."

மயிர் மாதிரி மெல்லிய ஊசிகள். கையிலும், முழங்காலுக்குக் கீழேயும், காதோரத்திலும் குத்தினார். மீராசா கண்ணை இறுக்கி மூடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"குத்தியாச்சா?"

"எப்பவோ குத்தியாச்சி, ஐயா."

"நோகல்லியே." ஏமாந்துபோனவர்போலச் சொன்னார்.

டொக்டர் அவருடைய விரல்களை விரித்துப் பார்த்தார். "கையக் கொஞ்சம் விரிச்சித்தான் வெச்சிருக்கீங்க. ஆரு தேச்சுவிடுற?"

ஸுல்பிகாதான் சொன்னாள், "அவர் நித்திரையா இருக்கக்குள்ள நான் தேச்சன்."

மீராசா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் நித்திரையாக இருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் கையை ஒளிக்கவில்லை. சுபஹ் தொழுகை முடிந்து, வெயில் ஏறுமுன் ஸுல்பிகா அவரை முற்றத்துக்குக் கூட்டிவந்து பின்னால் ஒட்டி நிற்பாள். மூச்சை உள்ளே இழுக்கும்போது இரண்டு கைகளும் மெல்ல எழும்ப வேண்டும், விடும்போது இறங்க வேண்டும். நல்ல கை தானாக எழும்பும், மற்றதை அவள் தூக்குவாள். முதல் நாளே அவர் களைத்துப்போய்க் கதிரையில் விழுந்தார்.

"இது கெழவிகள்ர வேலை."

"ஓம், அங்க கெழவிகள்தான் செஞ்ச. ஒங்களவிட நல்லா நிண்டாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சரிந்த வாயால் சிரித்தார்.

றிபாஸ்தான் சங்கடப்பட்டான். மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்களாம். "உம்மா, சீனாக்காரன்ர வணக்கம் என்னவோ செய்றீங்க எண்டு சனம் கதைக்கும்."

"நெஞ்சுக்குள்ள ஸலவாத்து ஓதிக்கிட்டுத்தான் மனே கைய அசைக்கிறன். சனத்துக்கு வேணுமெண்டா உள்ளுக்கு வந்து பாக்கச் சொல்லு."

அடுத்த கிழமை சனம் உள்ளுக்கே வந்தது. பக்கத்து வீட்டு ஜெனூபா, முழங்கால் வருத்தக்காரி, மதிலோரமாக நின்று தானும் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

ஒரு நாள் அசைவுக்கு நடுவில் மீராசா வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திணறினார். ஸுல்பிகா தன்னை மறந்து சொன்னாள், "மான் மான் லாய்."

"என்ன சொன்ன?"

அவள் சொன்னாள். யார் சொன்ன வார்த்தை, என்ன கருத்து என்பதை மட்டும். அவர் கதிரையில் இருந்து கேட்டார். பிறகு, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டார்.

"அண்டைக்குக் காலம நீ என்ன செஞ்சிக்கிட்டு இருந்த?"

எந்தக் காலை என்று கேட்கத் தேவையில்லை. ஸுல்பிகா அவருக்கு எதிரே நிலத்தில் குந்தினாள். ஜெனூபா இன்னும் வந்திருக்கவில்லை. முற்றத்தில் இருவரும் மட்டும்தான்.

"பூங்காவுலதான் இருந்தன். இஞ்ச சுபஹ் நேரம், அங்க விடிஞ்சிட்டு. நான் அவட கையப் பிடிச்சித் தூக்கிக்கிட்டு நிண்டன். திடீரெண்டு எனக்குப் பாரம் தெரியல்ல. பாத்தா அந்தக் கை தானா எழும்பி நிக்குது. நான் பிடிக்கல்ல. முன்னால நிண்ட கெழவிகள் எல்லாம் திரும்பிப் பாத்துக் கை தட்டினாங்க. அவ அழுறா. நான் சிரிக்கிறன். சத்தம் போட்டுச் சிரிச்சன் மச்சான். வீட்டுக்கு வரும்வரைக்கும் சிரிச்சிக்கிட்டு வந்தன்."

நிலத்தில் கிடந்த ஓர் ஈர்க்கை எடுத்து ஒடித்தாள்.

"பொறகு சமைச்சி முடிச்சி ரீவியப் போட்டன். கடலக் காட்டுறாங்க. நம்முட ஊர்ப் பேரச் சொல்றாங்க. அண்டைக்குக் காலம அப்பிடிச் சிரிச்சன் எண்டு நான் எப்பிடி ஒங்களுக்கிட்டச் சொல்ற? என்ர புள்ளைகள ஒங்கட தங்கச்சி தலைக்கு மேல தூக்கி, மேல்வீட்டுக்காரர்ர கையில குடுத்துட்டுப் போய்ட்டா. நான் அங்க சிரிச்சிக்கிட்டு நிண்டிருக்கன்."

தென்னை ஓலைக்குள்ளால் வெயில் முற்றத்தில் விழத் தொடங்கியிருந்தது.

"கமீலாவும் அண்டைக்குக் காலம சிரிச்சவதான்" என்றார் மீராசா. "நஜ்லாட தலையில சிக்கு. அவ சீப்பப் போட்டு இழுக்கிறா, இவள் கத்துறாள். நான் கடைக்குப் போக வெளிக்கிட்டு நிண்டு பாத்தன். என்னப் பாத்து, 'காக்கா, ஒங்கட மகள்ர தலைக்குள்ள புறா கூடு கட்டியிருக்கு' எண்டு சொல்லிச் சிரிச்சா. அதுதான் கடைசியா நான் கேட்ட சத்தம்." அவருக்குக் குரல் குழறியது. நோயினாலா என்று தெரியவில்லை. "ஆருக்குப் புள்ள தெரியும். எல்லாரும் அண்டைக்குக் காலம சிரிச்சிக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க."

ஸுல்பிகா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான் ஒன்னில கோவிச்சிக்கிட்டு இருக்கன் எண்டு நெனச்சியா?"

"ஓம்."

"நான் ஒன்ன அனுப்பினவன். ஒன்னப் பாக்கக்குள்ள எல்லாம் அதுதான் ஞாபகம் வாற. சிங்கப்பூர் எண்ட பேரையே எடுக்காம இருந்தா சரி எண்டு நெனச்சன்." இடது கையை நீட்டி அவளுடைய தலையில் வைத்தார். "அந்தக் கெழவிக்கு முழுசாக் கை வந்துட்டா?"

"தெரியாது. அடுத்த பிளேனில நான் வந்துட்டன். போய்ட்டு வாறன் எண்டு ஒழுங்காச் சொல்லவும் இல்ல. 'மான் மான் லாய்' எண்டு கதவடியில சக்கரக் கதிரையில இருந்துக்கிட்டுச் சொன்னா. அண்டைக்கு என்ன அர்த்தத்துல சொன்னா எண்டு இன்னும் எனக்கு வெளங்கல்ல."

அன்றிலிருந்து அந்த வீட்டில் சிங்கப்பூர் புழங்கத் தொடங்கியது. எண்ணெய் தேய்க்கும்போது அவர் ஒவ்வொன்றாகக் கேட்பார். பூங்காவில் என்ன மரம் நின்றது, மழை வந்தால் எங்கே ஒதுங்குவார்கள், அவள் எங்கே தொழுதாள். அவள் சொல்லச் சொல்ல, தானே மறந்துவிட்டதாக நினைத்ததெல்லாம் எழும்பி வந்தது. வெள்ளைப் பூச் சொரியும் மரம், தாளம் தப்பினால் முறைக்கும் ஒரு தொப்பிக்கார முதியவர், திருமதி சுவாவுக்கு அக்குபங்சர் ஊசி போட வீட்டுக்கு வந்தவர் இஞ்சி மிட்டாய் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போவது. சொல்லும்போது அவளுக்குப் புரிந்தது, அந்தக் காலைகளை அவள் எவ்வளவு விரும்பியிருந்தாள் என்று. கூலிக்கு நின்ற இடம்தான். பிள்ளைகளை நினைத்துத் தலையணையை நனைத்த இடம்தான். ஆனாலும் அந்த ஒரு மணித்தியாலம் அவளுடையதாக இருந்தது.

மீராசாவின் கை முழுதாக வரவில்லை. நெஞ்சுவரை எழும்புகிறது. தொழுகையில் தானே இடக்கை மேல் வலக்கையை வைத்துக் கட்டிக்கொள்கிறார். கோப்பையைப் பிடித்தால் இன்னும் நடுங்குகிறது. ஊசியா, எண்ணெயா, ஆஸ்பத்திரிப் பயிற்சியா, இந்த மெல்லிய அசைவா, எது இந்தளவுக்குக் கொண்டுவந்தது என்று கேட்டால் டொக்டர் சர்மினி சிரிக்கிறார். "எல்லாத்தையும் விடாமச் செய்ங்க" என்பதோடு முடித்துக்கொள்கிறார்.

போன நோன்புப் பெருநாள் அன்று பின்னேரம், மீராசா மகனைக் கூப்பிட்டார்.

"ஒன்ட ஃபோனில ஊர் ஊராக் காட்டும் எண்டியே. உம்மா இருந்த இடம் வருமா பாரு."

ஸுல்பிகா வீதியின் பெயரைச் சொன்னாள். றிபாஸ் தேடி, படத்தைத் திருப்பிக் கொடுத்தான். கட்டடங்களுக்கு வேறு நிறம் பூசியிருந்தார்கள். கடைகள் மாறியிருந்தன. "இது இல்ல... இதுவும் இல்ல" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். திடீரென்று ஃபோனைப் பறித்து முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

மரங்கள் பெருத்துவிட்டிருந்தன. அவற்றுக்குக் கீழே, உட்காரும் வாங்கு ஒன்றின் முன்னால், வரிசையாகச் சில முதியவர்கள், கைகளைத் தூக்கியபடி, படத்துக்குள் அசையாமல் நின்றார்கள். முகங்களை மங்கலாக்கியிருந்தார்கள். யாரென்று தெரிய வழியில்லை. அவளுடைய ஆட்கள் யாரும் இப்போது உயிரோடு இருக்கவும் மாட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

மீராசா கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க, நீ நிண்ட இடத்தக் காட்டு."

"இந்த வாங்குக்குப் பின்னால, மச்சான். இந்த மரத்தடியில."

அவர் குனிந்து பார்த்தார். "நல்ல நிழல்" என்றார். பிறகு மகனிடம், "இன்னும் கொஞ்சம் அங்கால போடா, பாப்பம்."