சந்தேகக் கிண்ணம்

மஞ்சள் பட்டாணி ஜாடி நிறைந்துவிட்டது. பச்சை ஜாடியில் அதில் மூன்றில் ஒரு பங்கு. பிளாஜெனா கூட்டிப் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு முறை கூட்டினாள். பாடப்புத்தகத்தில் அச்சடித்த மாதிரியே வந்து நின்றது. அவளுக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை.

மஞ்சள் பட்டாணியையும் பச்சைப் பட்டாணியையும் கலந்து வளர்த்தால் முதல் தலைமுறை முழுக்க மஞ்சள். அடுத்த தலைமுறையில் பச்சை திரும்பி வரும், மூன்று மஞ்சளுக்கு ஒரு பச்சை என்று. நூறு வருஷத்துக்கு முன்னால் இதே ப்ர்னோ நகரத்து மடத்துத் தோட்டத்தில் மெண்டல் என்ற துறவி கண்ட கணக்கு இது. நடுவில் பல வருஷம் கம்யூனிஸ்ட் அரசு அந்தக் கணக்கையே பொய் என்று ஒதுக்கியிருந்ததால், அந்தப் பெயரைச் சொன்னாலே வேலை போகும் என்றிருந்தது. இப்போது காற்று திசை மாறி, நூற்றாண்டு விழா எடுக்கிறார்கள். வெளிநாட்டு விஞ்ஞானிகள் ஊருக்கு வெளியே இருக்கும் இந்த விதைப் பண்ணைக்கும் வரப்போகிறார்கள்.

அவர்களுக்குக் காட்டும்படி யாருடைய பட்டாணி தேறுகிறதோ, அவருக்குத்தான் பண்ணையில் காலியாக இருக்கும் ஒரே வேலை. இயக்குநர் டாக்டர் வாவ்ரா இதை எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். போட்டியில் இரண்டே பேர். ஒருத்தி பிளாஜெனா, நெசவாலைத் தொழிலாளியின் மகள், அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. தொழிலாளி வீட்டுப் பெண் என்பதால்தான் கல்லூரியில் இடம் கிடைத்தது என்ற பேச்சைப் படித்த காலம் முழுக்கக் கேட்டுக் காது புண்ணாகியிருந்தது. இந்த வேலையாவது அப்பாவின் தறி வாங்கிக் கொடுத்ததாக இருக்கக் கூடாது.

இன்னொருத்தி யார்மிலா. அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்தில் மெண்டலைப் பற்றிப் பாடம் நடத்தி வேலை இழந்தவர். அந்தக் குற்றத்துக்கு மகள் செங்கல் சூளையில் மண் சுமந்துவிட்டுத் தாமதமாகக் கல்லூரிக்கு வந்தாள். இந்த வருஷம் அவள் பாத்தியில் பாதியை வண்டு தின்றுவிட்டது.

டாக்டர் வாவ்ரா வந்து பார்த்தார். கூட்டுத்தொகையைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"பிரமாதம், தோழர் பிளாஜெனா! வர்றவங்க வாயடைச்சுப் போகணும். அப்படியே பலகையில எழுதி மாட்டிடலாம்."

அவர் போனதும் யார்மிலா வெளியே போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி, ஜாடிகளுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அழகா இருக்கு. ரொம்ப அழகா இருக்கு. அதான் பயமா இருக்கு."

"வயித்தெரிச்சல்."

"அதுவும் இருக்கு, இல்லேன்னு யார் சொன்னா? சந்தேகக் கிண்ணம் எங்கடி?"

பட்டாணி பிரிப்பவர்கள் மூன்று கிண்ணம் வைத்துக்கொள்வார்கள். வெயிலில் வெளுத்த பச்சை மஞ்சளாகத் தெரியும். சரியாக முற்றாத மஞ்சள் பச்சையாகத் தெரியும். கண்ணுக்குப் பிடிபடாததெல்லாம் மூன்றாவது கிண்ணத்துக்குப் போகும். அதைப் பிளந்து உள்ளே பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் பிளந்த விதை முளைக்காது. விதைப் பண்ணையில் பழகிய கைக்கு அதில் கத்தி வைக்க மனசு வராது.

"காலி பண்ணிட்டேன்."

"பொளந்து பாத்தியா?"

"எதுக்கு? எனக்குக் கண்ணு இருக்கு. ஒவ்வொண்ணா வெளிச்சத்துல வெச்சுப் பாத்துதான் போட்டேன்."

"எப்பப் போட்ட? மத்ததையெல்லாம் எண்ணினதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறம்தான்."

"அப்ப எதுல எவ்வளவு குறையுதுன்னு காகிதத்துல உன் மூஞ்சிக்கு நேரா இருந்துது."

பிளாஜெனாவுக்குச் சுருக்கென்றது. அந்தப் பட்டாணிகளை அவள் உண்மையாகவே உற்றுப் பார்த்தாள். ஒவ்வொன்றும் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிந்தது. எது தேவைப்பட்டதோ அதுவாகவே தெரிந்தது.

"நான் ஏமாத்தினேங்கிறியா?"

"இல்ல. ஏமாத்தியிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும். இது அதவிட மோசம்."

"வாய மூடுடி! மெண்டல் கணக்கும்தான் இப்படி அழகா வந்துது. அவரும் திருடனா?"

"அதத்தான் இங்கிலாந்துல ஒரு புள்ளியியல்காரர் கேட்டுட்டாரே. அவ்வளவு சுத்தமா வர்றது ரொம்ப அபூர்வம்னு. அதனால விதி பொய்யாயிடல. உலகம் பூரா வளத்துப் பாத்தாச்சு, விதி சரிதான். ஆனா சந்தேகமானத எந்தக் கிண்ணத்துல போட்டாங்க, யார் போட்டாங்க? அவரோட பட்டாணிய இனிமே யாராலயும் எண்ண முடியாது. உன்னுது இந்தா இருக்கு."

பிளாஜெனா சிவந்த முகத்தோடு ஜன்னல்வரை போனாள், திரும்பி வந்தாள். பிறகு மஞ்சள் ஜாடியைத் தூக்கி மேஜையில் கவிழ்த்தாள். அதன் மேலேயே பச்சை ஜாடியையும் கவிழ்த்தாள். பட்டாணி உருண்டு தரையெல்லாம் ஓடியது.

"பைத்தியம்! ஒண்ணொண்ணா பொறுக்கணும்டி இப்ப!"

"பொறுக்கு. நீதானே கிளப்பிவிட்ட."

இருவரும் மண்டியிட்டுப் பொறுக்கினார்கள். பிறகு எதிரெதிராக உட்கார்ந்து முதலிலிருந்து பிரித்தார்கள். இந்த முறை எண்ணிக்கை எதையும் எழுதவில்லை. ஜாடிகளைக் காகிதத்தால் சுற்றி, எது எவ்வளவு நிறைகிறது என்று தெரியாமல் வைத்தார்கள். சந்தேகமானதெல்லாம் கத்திக்குப் போனது.

"இது மஞ்சள்," என்பாள் பிளாஜெனா. யார்மிலா பிளப்பாள். உள்ளே புல் மாதிரிப் பச்சை.

"கண்ணு இருக்குன்னியே, இதுதானா அது?"

"பேசாம வெட்டுடி."

பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியையும் ஊறுகாய் வெள்ளரியையும் தின்றுகொண்டே வேலையை முடித்துக் கடைசியில் எண்ணினார்கள். பச்சை கணிசமாகக் கூடியிருந்தது. தற்செயலாக வரக்கூடிய விலகல்தான், கணக்குப் போட்டுப் பார்த்ததில் விதிக்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் அழகு போய்விட்டது. கோணலாக, மண்ணில் விளைந்த எதையும் போல இருந்தது.

பிளாஜெனா கத்தியைத் துடைத்தபடி கேட்டாள். "நீ சும்மா இருந்திருக்கலாமே. விழா அன்னிக்கு அத்தன பேர் முன்னாடி நாலு பட்டாணியப் பொளந்து காட்டியிருந்தா நான் ஒழிஞ்சேன். வேல உனக்கு."

"நெனச்சேன். வெளிய போய் ஒரு சிகரெட் பத்தவெச்சு, அது முடியற வரைக்கும் அதையேதான் நெனச்சேன்."

"அப்புறம்?"

"சிகரெட் முடிஞ்சிடுச்சு."

மறுநாள் இருவரும் கொண்டுபோன புதிய கணக்கைப் பார்த்த டாக்டர் வாவ்ராவுக்கு முகம் தொங்கிவிட்டது.

"நேத்து நல்லாத்தானே இருந்துது? இத எப்படிம்மா மாட்டறது? நாம ஒழுங்கா வளக்கலேன்னுல்ல நெனப்பாங்க."

பழைய காலத்தில் இதே மனிதர்தான் அந்தத் துறவியின் கணக்கு மடத்துப் புரட்டு என்று கூட்டம் போட்டுப் பேசியவர். பண்ணையில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை. பிளாஜெனா திறந்தாள்.

"அப்ப அவரு சொன்னது தப்புன்னு சொல்லச் சொன்னீங்க. இப்ப அவர விடச் சரியா வரணுங்கிறீங்க. பட்டாணிக்கு ரெண்டும் தெரியாது, தோழர் இயக்குநரே. நேத்து வந்தது என் ஆசை. இன்னிக்கு வந்ததுதான் பட்டாணி. அதையும் நானா கண்டுபிடிக்கல. யார்மிலாதான் பிடிச்சா."

அந்தக் கடைசி வரியை அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

டாக்டர் வாவ்ரா கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாமல் அவர் முகம் வயதானதாக, கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

"மாட்டுங்க," என்றார். "பொளந்ததையும் பக்கத்துல ஒரு தட்டுல வைங்க. கீழ உன் பேரையே எழுது." பிறகு யார்மிலாவைப் பார்க்காமலே சொன்னார். "வேலைக்கு யார்மிலா வரட்டும். எண்ணறதுக்கு ஆள் கிடைக்கும். சந்தேகப்படறதுக்குத்தான் இங்க இத்தன வருஷமா ஆள் இல்ல."

பிளாஜெனா ஒரு தட்டை எடுத்துப் பிளந்த பட்டாணியை அதில் கொட்டினாள். நியாயம் என்று தெரிந்தாலும் வலிக்கத்தான் செய்தது.

டிராம் நிறுத்தம்வரை யார்மிலா பின்னாலேயே வந்தாள்.

"திட்டணும்னா திட்டிடு. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத."

"திட்டத்தான் போறேன். உனக்கு நாக்குல விஷம். பிரியமா சொல்றதுக்குக்கூட ஊசிதான் எடுப்ப." பிளாஜெனா நின்றாள். அவள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அவளும் கல்லைத் தூக்குவது போலத்தான் சொன்னாள். "அந்தச் சுவத்துல என் பேரு இருக்கு. எவன் வேணா வரட்டும், எத வேணா பொளந்து பாக்கட்டும். எனக்குப் பயமில்ல. இத நீ குடுத்த. நல்லா இருடி."



டிராம் வந்தது, பிளாஜெனா ஏறிக்கொண்டாள். வேலை கிடைக்கவில்லை என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார். அந்தக் கதையைச் சொல்லத்தான் அவளுக்கு இப்போது அவசரமாக இருந்தது.