மலைக்கு வாங்கிய சுவிட்ச்

அந்த சுவிட்சைத் தேர்ந்தெடுக்கக் கலையரசனுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

போளூரில் அவனும் புஷ்ராவும் சேர்ந்து நெட்வொர்க் போட்டுக் கொடுக்கும் தொழில் நடத்தினார்கள். ஜவ்வாது மலைமேல் ஓர் அறக்கட்டளையின் இருபது படுக்கை ஆஸ்பத்திரிக்கு வேலை வந்திருந்தது. பதிவு, ஆய்வகம், டாக்டர்களின் டேப்லெட், கேமரா, வந்துபோகிறவர்களுக்கு வைஃபை என்று ஐந்து பிரிவுகள். கம்ப்யூட்டர் முதலான கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிதான் சுவிட்ச். ஒரே சுவிட்சுக்குள் இவற்றைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரித்து வைப்பதைத்தான் வீலான் என்பார்கள். பிரித்த பிறகு, ஒவ்வொரு பிரிவிலும் உள்ள கருவிகளுக்கு அடையாள எண்போல ஒரு முகவரியை யாராவது கொடுத்தாக வேண்டும். முகவரி இல்லாத கருவி, வயர் இருந்தாலும் ஊமைதான்.

இரண்டு மாடல்கள் மேஜையில் வந்து நின்றன. ஒன்று ஐந்து பிரிவுகளுக்கும் தானே முகவரி கொடுக்கும். மற்றது கொடுக்காது. கருவி கேட்பதைப் போளூர் அலுவலக சர்வருக்கு அனுப்பி, வரும் பதிலை வாங்கிக் கொடுக்கும்.

“தானா குடுக்கறதையே எடுத்துக்கலாம். மலையில லைன் அறுந்தா இன்னா பண்ணுவாங்க?” என்றாள் புஷ்ரா.

“ஃபைபர் சும்மா சும்மா அறுமா? மத்த ஆஸ்பத்திரிக்கெல்லாம் இங்கருந்துதான குடுத்துக்கினு இருக்கறோம். ஒண்ணு மாத்தணும்னாலும் நான் மலை ஏற வேணாம்.”

“லைன் இருக்கற வரைக்கும் சரி.”

“நான் பாத்துக்கறேன் வுடு.”

இரண்டாவது மாடலையே வாங்கினான். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லா ஆஸ்பத்திரிகளின் முகவரிகளும் தன் மேஜைத் திரையில் ஒன்றாகத் தெரிவது அவனுக்குப் பிடித்திருந்தது. கடைக்கு வருகிறவர்களுக்கு அதைக் காட்டுவான். அவ்வளவுதான் காரணம்.

பத்து மாதம் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை மலைச்சாலையில் மண் சரிந்து கேபிள் அறுந்தது. கருவிகளுக்கு முகவரி எட்டு மணி நேரக் கெடுவோடுதான் கிடைக்கும்; முடிந்தால் மறுபடி போளூரிலிருந்து வாங்க வேண்டும். கெடு முடிய முடிய ஒவ்வொரு டேப்லெட்டாக நின்றது.

ஒன்பதரை மணிக்குத் தலைமை நர்ஸ் கீதாஞ்சலி, சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று அவனை அழைத்தாள்.

“சார், ரெண்டு டேப் நின்னுபோச்சி. மூணு ஓடுது. இன்னா பண்றது?”

கலையரசன் ஒரு கடையில் கேமரா மாட்டிக்கொண்டிருந்தான். “எல்லாத்தையும் ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சிஸ்டர். சரியாய்டும்” என்று சொல்லிவிட்டு, போனைப் பையில் போட்டு ஏணியில் ஏறினான்.

அவள் அப்படியே செய்தாள். ஓடிக்கொண்டிருந்த மூன்றும் புதிதாக முகவரி கேட்டு, கிடைக்காமல், அவையும் நின்றன.

பதினோரு மணிக்குப் பிரசவ வலியோடு சரிதா வந்தாள். கொஞ்சம் ரத்தமும் போயிருந்தது. நஞ்சுக்கொடி கருப்பை வாய்ப்பக்கம் இறங்கியிருந்தால் அங்கே பிரசவம் பார்ப்பது ஆபத்து. இல்லையென்றால் அங்கேயே பார்க்கலாம். ஸ்கேன் எடுப்பவர் வாரத்தில் ஒருநாள்தான் மலைக்கு வருவார். சரிதாவுக்குப் போன வாரம் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட், அதே கட்டடத்தில் இருபது அடி தள்ளி, பூட்டிய அறையில் இருந்த திரையில்லாத கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அதை எடுத்துக் காட்ட ஓடுகிற டேப்லெட் ஒன்றுகூட இல்லை; பதிவு மேஜைக் கம்ப்யூட்டரும் நின்றிருந்தது. டேப்லெட் வருமா என்று டாக்டர் ஐந்து நிமிடம் காத்துப் பார்த்தார். பிறகு போளூருக்கு அனுப்பச் சொன்னார்.

சரிந்த மண்ணைச் சுற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் ஊர்ந்து இறங்கியது. பாதி வழியில், ஒரு வளைவில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அழவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு ஏணியிலிருந்து இறங்கிய கலையரசன் ஆறு தவறிய அழைப்புகளைப் பார்த்தான். திரும்ப அழைத்தால் லைன் போகவில்லை. மறுநாள் மலையேறினான்.

கீதாஞ்சலி நடந்ததைச் சொன்னாள். “ரிப்போர்ட்ல எல்லாம் நல்லாத்தான் சார் இருந்துச்சி” என்று முடித்துவிட்டு வார்டுக்குள் போய்விட்டாள்.

போளூர் திரும்பி எல்லாவற்றையும் புஷ்ராவிடம் சொன்னான். ‘நான் அன்னிக்கே சொன்னேன்’ என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தான். சொன்னால் தேவலை என்றிருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, தானே முகவரி கொடுக்கும் மாடலுக்கு ஆர்டர் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அவனே போய் அதை மாட்டினான். ஐந்து பிரிவுகளுக்கும் முகவரிகளை எழுதி வைத்தான். வெளியே போகும் லைனைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டு டேப்லெட்டுகளை அணைத்து மறுபடி போட்டான். ஒவ்வொன்றாக எழுந்து வேலை செய்தன. மொத்தமே அரை நாள் வேலை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், மாத்திரை வாங்க வந்த சரிதா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யாரென்று கீதாஞ்சலிதான் காட்டினாள். அவன் போய் எதிரே நின்றான்.

“நான் இங்க கம்ப்யூட்டர் லைன் போட்டவன்மா. அன்னிக்கி உன் ரிப்போர்ட்ட டாக்டரால பாக்க முடியல. அது என்னாலதான். நான் வாங்குன பொட்டி சரியில்ல. சிஸ்டருக்குப் போன்ல நான் சொன்னதும் தப்பு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “பாத்திருந்தா?”

“இங்கயே பிரசவம் பாத்திருப்பாங்க.”

“கொழந்த இருந்திருக்குமா?”

“தெரியலமா.”

அவள் மாத்திரைக் கவரை மடித்தாள், பிரித்தாள். “ஸ்கேன் பேப்பர நான் வூட்லயே வுட்டுட்டு வந்துட்டங்க. அத எடுத்தாராததாலதான் கொழந்த போச்சின்னு எங்க வூட்டுக்காரர் இன்னமும் எங்கிட்ட பேசறதில்ல. நானும் அப்டித்தான் நெனச்சிக்கினு இருக்கறேன்.”

கலையரசன் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான்.

“நீங்க சொன்னத அவர்கிட்ட வந்து சொல்றீங்களா?” என்று கேட்டாள்.

“எப்பம்மா?”

“இப்பவே. வூட்லதான் இருக்கறாரு.”

இரண்டு மைல் நடந்தார்கள்.  சரிதாவின் கணவன் ராஜாக்கண்ணு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தான். கலையரசன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான், புஷ்ரா தடுத்ததையும் சேர்த்து. முறம் ராஜாக்கண்ணுவின் மடியிலேயே இருந்தது. அடிப்பான் என்று கலையரசன் நினைத்தான். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான்.

ராஜாக்கண்ணு அவனைப் பார்க்கவே இல்லை. முறத்தை இறக்கி வைத்துவிட்டு, “சரிதா, அவருக்குத் தண்ணி குடு” என்றான்.

பெயர் சொல்லி அவன் கூப்பிட்டதும் அவள் உள்ளே போனாள். சொம்போடு வரும்போது முகமெல்லாம் நனைந்திருந்தது. கலையரசனால் ஒரு வாய்க்கு மேல் குடிக்க முடியவில்லை.