திரும்பிப் போன ரொட்டி

நாரின் என்ற மலை நகரத்தின் நூலகத்தில் அன்று பிற்பகல் நடைபெற்ற பல சமயக் கூட்டத்தின் பொருள் ‘கருணை’. இமாம் பேசினார், ரஷ்யப் பாதிரியாரும் பேசினார். அடுத்து, சுவிசேஷ சபையின் சார்பில் அனார்குல் பேச வேண்டும். நான்கு பக்கம் எழுதி, மனப்பாடமும் செய்து வந்திருந்தாள். மூன்றாவது வரிசையில் சாய்ரகான் அமர்ந்திருப்பதைக் கண்டதும் அத்தனையும் மறந்து போயிற்று.

சாய்ரகான் அடுத்த வீட்டுக்காரி. இருவருக்கும் இரண்டு ஆண்டுகளாகப் பேச்சில்லை. அனார்குல் ஞானஸ்நானம் பெற்ற மாதத்தில், ஒரு வியாழக்கிழமை, அங்குள்ள வழக்கப்படி சாய்ரகான் மறைந்த தன் கணவருக்காக எண்ணெய் காய வைத்து, ஏழு ரொட்டி பொரித்து, ஓதி, அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தனுப்பினாள். இறந்தோருக்காக ஓதியதை உண்ணலாகாது என்று கருதிய அனார்குல், தன் பங்கைத் தட்டோடு அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள். வந்த தட்டை வெறுமையாகத் திருப்புவதே அவ்வூரில் குறை. ரொட்டியையே திருப்புவது முகத்தில் அறைந்ததற்குச் சமம்.

அனார்குல் எழுந்து, தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

“கருணையப் பத்திப் பேச எனக்குத் தகுதியில்லீங்க. பக்கத்து வீட்டு அக்கா, புருஷன் போய் நாப்பது நாள்கூட ஆகல, ரொட்டி குடுத்துவிட்டாங்க. திருப்பி அனுப்பிட்டேன். என் விசுவாசத்தப் பாத்தேனே தவிர, அவங்க அழுத கண்ணப் பாக்கல.”

சாய்ரகான் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். “இத ரெண்டு வருஷம் கழிச்சு மைக் வச்சுத்தான் சொல்லணுமாக்கும்? நடுவுல ஒரு சுவருதானடி இருக்கு!”

அரங்கம் சிரித்தது.

“வெக்கமா இருந்துச்சுக்கா.”

“எனக்கு மட்டும் இனிச்சுக் கெடந்துச்சா? சரி, இப்பக் குடுத்தா சாப்பிடுவியா?”

சிரிப்பு நின்றது. ‘ஆம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். சாய்ரகான் மனம் குளிர்வாள். அனார்குல் தலையை ஆட்டி மறுத்தாள்.

“ஓதினதச் சாப்பிட மாட்டேன்க்கா. பொய் சொல்லி உங்க மனச ஆத்த எனக்கு வரல. ஆனா உங்க வாசல இழந்துட்டு இருக்கவும் முடியல.”

சாய்ரகான் முன்னாலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“ஓதறதுக்கு முன்னாடி அது வெறும் மாவுதானே?”

“மாவுதான்.”

“அப்ப வியாழக்கிழம வந்து பிசஞ்சு குடு. எனக்குத் தோள்பட்ட வலி உசுரெடுக்குது. உன் பங்க முதல்ல பொரிச்சுத் தின்னுக்க. அப்புறம் நான் ஓதிக்கறேன்.”

இமாம் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “எனக்கும் ஒரு ரொட்டி வந்தாச் சரி. ஓதினதா, ஓதாததான்னு கேக்க மாட்டேன்.”

வியாழக்கிழமை அனார்குல் ஒரு கிண்ணம் பாலேட்டோடு சென்றாள். பிசையும்போது, “உப்ப அள்ளிக் கொட்டாத, கடலா இது?” என்று வசவும் கிடைத்தது. முதல் ரொட்டியை இருவரும் பிய்த்துப் பாலேட்டில் தோய்த்து உண்டார்கள். பிறகு சாய்ரகான் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு ஓத அமர்ந்தாள். அனார்குல் எண்ணெய் கருகாதபடி தீயைத் தணித்து, அடுப்பருகில் தலை குனிந்து, தன் ஆண்டவரிடம் சாய்ரகானுக்காக வேண்டிக்கொண்டாள்.

புறப்படும்போது சாய்ரகான் ஒரு தட்டு நிறைய ஆப்பிள் வைத்துக் கொடுத்தாள். அன்று ரொட்டியோடு திருப்பி அனுப்பிய, நீல ஓரம் வைத்த அந்தத் தட்டு அனார்குலுக்கு நன்றாக நினைவிருந்தது.

“ஆப்பிளுக்கு யாரும் ஓதலடி, பயப்படாத. தட்ட வெறுசாக் கொண்டுவந்தா மட்டும் கதவத் தொறக்க மாட்டேன்.”