வேட்டைக்கொல்லைக்குப் போகிற வண்டி

பாக்கியசாமியின் ஜீப் விக்கிரவாண்டி டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுபோனது. இதற்கு முன்பும் பல தடவை நின்றிருக்கிறது. பானெட்டைத் திறந்து, நாலு கெட்ட வார்த்தை சொல்லி, தண்ணீர் ஊற்றினால் கிளம்பிவிடும். இந்தத் தடவை கிளம்பவில்லை. கட்டி இழுத்துக்கொண்டு போன மெக்கானிக் உள்ளே பார்த்துவிட்டு, "பெரியவரே, இதுல இனிமே கோழிதான் அடைக்கலாம்" என்றான்.

ஜீப் இல்லாவிட்டால் மெர்லினால் வேட்டைக்கொல்லைக்குப் போகமுடியாது. கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே திரும்பி, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு, டிராக்டர் போய்ப் போய்ப் பள்ளமான பாதையில் போனால் காப்புக்காட்டை ஒட்டிக் கிடக்கிறது அந்த நிலம். அவள் அப்பா பாக்கியசாமி ஒரு காலத்தில் துப்பாக்கியோடு பன்றிக்குக் காத்துக் கிடந்த இடம். துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாமல் போய், அதை ஸ்டேஷனில் ஒப்படைத்தாயிற்று. பன்றிகளுக்கு அந்தச் செய்தி உடனே எட்டிவிட்டது. வருஷா வருஷம் வந்து மல்லாட்டைச் செடியைக் கிளறி, கடலையைத் தின்றுவிட்டுப் போகின்றன. வேலி கட்டுவது, விதை கொண்டுபோவது, மூட்டை கொண்டுவருவது, விடிகாலையில் தகரம் தட்டி விரட்டுவது எல்லாம் மெர்லின்தான். கண்டமங்கலத்தில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "வந்துட்டேன்" என்று சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

நிலம் அவள் அம்மா சவுரியம்மாள் பேரில் இருந்தது. கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் மஞ்சக்காணியாக எழுதிக் கொடுத்தது. பத்திரத்தில் அவள் பெயர் இருப்பதை வீட்டில் யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை. அவளே நினைத்ததில்லை. கையெழுத்துப் போடு என்று காட்டினால், காட்டின இடத்தில் போடுவாள்.

மெர்லினின் அண்ணன் ஸ்டீபன்ராஜ் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஜீப் செத்த செய்தி கேட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டான்.

"நல்லதாப் போச்சி. இனிமேயாவது மனுசங்க போற மாதிரி ஒரு காரு வாங்கலாம். கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்குன்னு குடும்பமா ஏசி போட்டுக்கினு போலாம்."

"மல்லாட்டை மூட்டைக்கும் ஏசி போடலாமாண்ணே?" என்றாள் மெர்லின்.

"உனுக்கு எப்பவும் நக்கலு."

திண்டிவனத்தில் பழைய வண்டி வாங்கி விற்கும் யூசுப் அலியிடம் நால்வரும் போனார்கள். கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். அவருடைய கொட்டகையில் ஒரு வெள்ளைக் காரும் ஒரு பிக்கப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பிக்கப்புக்கு முன்னால் இரண்டே சீட், பின்னால் திறந்த தொட்டி. நடுவில் கியர் ராடு, மூன்றாவது ஆள் நுழைய இடமில்லை.

"கார்ல உக்காந்தா மாப்ள மாதிரி இருக்கும்" என்றார் யூசுப் அலி. "பிக்கப்ல உக்காந்தா மாமனார் மாதிரி இருக்கும். எது வோணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. ரெண்டுமே நல்ல வண்டி. நான் பொய் சொல்றதில்ல, சொன்னா மாட்டிக்கிறேன்."

மெர்லின் காருக்குப் பக்கத்தில் குந்தினாள். முழங்கையைத் தரையில் ஊன்றிக் கையை நிமிர்த்திக் காருக்கு அடியில் விடப் பார்த்தாள். கை நிமிரவில்லை. பிக்கப்புக்கு அடியில் விட்டாள். அங்கேயும் முழுசாக நிமிரவில்லை, ஆனால் மணிக்கட்டு வரை இடம் இருந்தது. கொல்லைக்குப் போகிற பாதையின் நடு மேடு அதற்குக் கொஞ்சம் கீழேதான். அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"காரு வவுத்துல இடிக்கும் பாய். இந்தப் பிக்கப்பு போவும்."

ஸ்டீபன்ராஜ் சிரித்தான். "யாரு கொல்லைக்குப் போப்போறாங்க? புரோக்கரு சீனுவாசன்கிட்ட பேசிட்டேன். ப்ளாட்டு போடறாங்க. இன்னிக்கு டேப்பு எடுத்துக்கினு அளக்க வர்றான். அம்மா கையெழுத்து போட்டா முடிஞ்சிச்சி."

மெர்லின் அப்பாவைப் பார்த்தாள். அவர் கார் கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"பன்னி வேற வருது" என்றார் பாக்கியசாமி கண்ணாடியைப் பார்த்தபடியே. "நீயும் எத்தினி நாளைக்குத் தனியாப் போய்க்கினு வந்துக்கினு இருப்ப?"

"சாவற வரைக்கும்."

"ஊர்ல நாலு பேரு என்னைத்தான் கேக்கறான்" என்றான் ஸ்டீபன்ராஜ். "ஒந்தங்கச்சி காட்டுல பன்னி கூட ஓடிக்கினு இருக்காளேன்னு."

"பன்னி பரவால்லண்ணே. கண்டமங்கலத்துல இருந்ததை விட."

யூசுப் அலி தொண்டையைச் செருமினார். சவுரியம்மாள் ஒரு டயரைக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள், கத்தரிக்காய் வாங்குகிறவள் மாதிரி.

மெர்லினுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கார் வந்தால் கொல்லைக்குப் போக வண்டி இருக்காது. போகாத நிலம் தரிசு. தரிசை விற்பதற்கு யாரும் யாரையும் கேட்க வேண்டாம். அப்புறம் வெள்ளைக் காரின் பின் சீட்டில் ஓரமாக உட்கார்ந்து, அண்ணன் வீட்டு விசேஷங்களுக்குப் போய்வரும் பொம்பளையாக இருக்கலாம்.

"ரெண்டு வண்டியும் கொல்லை வரைக்கும் ஓட்டிப் பாப்போம்" என்றாள். "எது போவுதோ அது."

"போய்த்தான் பாக்கலாமே" என்றான் ஸ்டீபன்ராஜ். "சீனுவாசனும் அங்கதான் இருக்கான்."

"லைசென்ஸ் இருக்கா தங்கச்சி?" என்று கேட்டார் யூசுப் அலி.

அவள் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினாள். அந்தக் குடும்பத்தில் அது ஒன்றுதான் காலாவதி ஆகாத லைசென்ஸ். காரை யூசுப் அலியே ஓட்ட, அப்பாவும் பிள்ளையும் அதில் ஏறிக்கொண்டார்கள். சவுரியம்மாள் வழக்கம்போலப் பிக்கப்பின் பின்பக்கம் போய்த் தொட்டியின் கதவைப் பிடித்தாள்.

"அம்மா, முன்னாடி வா."

"முன்னாடியா?"

"சீட்டு காலியாத்தான் இருக்குது."

சவுரியம்மாள் ஏறி உட்கார்ந்தாள். ஜீப் வந்த நாளிலிருந்து அவள் பின்னால்தான், மூட்டைக்கும் மண்வெட்டிக்கும் நடுவில், விட்டுப்போன ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனவள். இப்போது ரோடு நேராக அவள் மேலே வந்தது. கொஞ்ச தூரம் முன்பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"லாரிக்காரன் உன்னப் பாத்து சிரிக்கறான்டி."

"சிரிக்கட்டும்."

"ஆரனை அடி."

மெர்லின் ஹாரனை அடித்தாள். இன்னொரு தடவை அடிக்கச் சொன்னாள் அம்மா.

கார்த்திகை மழை விட்டு நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. ஏரிக்கரை முடிந்து பாதை இறங்கும் இடத்தில் யூசுப் அலி காரை ஓரமாக நிறுத்தினார். "இதுக்கு மேல போனா இந்தக் காரை நானேதான் வாங்கிக்கணும்" என்றார். ஸ்டீபன்ராஜ் பேண்ட்டை மடித்துவிட்டு இறங்கினான். பாக்கியசாமி சேற்றைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார், பின்னால் வந்து நின்ற பிக்கப்பை நோக்கி நடந்தார். சவுரியம்மாள் பக்கத்துக் கதவைத் திறந்து காத்து நின்றார்.

"எறங்கு. பின்னாடி போய்க் குந்து."

சவுரியம்மாள் நேராகப் பார்த்தாள்.

"உன்னத்தான் சொல்றேன்."

"நான் எறங்க மாட்டேன்."

பாக்கியசாமிக்கு உடனே புரியவில்லை. ஸ்டீபன்ராஜ் ஓடி வந்தான். "எம்மா, அப்பாவுக்கு முட்டி வலிம்மா."

"எனுக்கு முதுகு வலி. ஜீப்பு கம்பி இடிச்சி இடிச்சி வந்தது. யாருனா கேட்டீங்களா?" அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். "பின்னாடி எடம் இருக்குது. ஏறுங்க ரெண்டு பேரும்."

மெர்லின் இன்ஜினை அணைக்காமல் வைத்திருந்தாள். யூசுப் அலிதான் பெரியவரைத் தூக்கிவிட்டார். இருவரும் கம்பியைப் பிடித்தபடி தொட்டியில் நிற்க, பிக்கப் பள்ளத்தில் இறங்கியது. ஒரு இடத்தில் அடியில் உரசியது. மெர்லின் பல்லைக் கடித்துக்கொண்டு கியரைக் குறைத்தாள். வண்டி திணறி, சேற்றைப் பின்னால் வாரி இறைத்து, ஏறிவிட்டது.

கொல்லையின் வரப்பில் சீனுவாசன் டேப்போடு நின்றிருந்தான். மூலையில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் ஒன்று ஏற்கெனவே நடப்பட்டிருந்தது. மெர்லின் இறங்கிப் போய் அதை ஆட்டினாள். ஈர மண்ணாக இருந்ததால் சீக்கிரம் பெயர்ந்தது. தூக்கிக்கொண்டு வந்து அவன் பைக்குக்குப் பக்கத்தில் போட்டாள்.

"நீங்க எத்தினி கல்லு நட்டாலும் புடுங்கிட்டு விதைப்பேன்" என்றாள்.

"இன்னாம்மா பேஜாரு பண்றீங்க? ஒங்க அண்ணன்தான் வரச் சொன்னாரு. பெரியவரும் சரின்னாரு."

"கொல்லை யாருது?" ஜன்னல் வழியாகச் சவுரியம்மாள் கேட்டாள்.

சீனுவாசன் தொட்டியில் நின்ற இருவரையும் பார்த்தான். ஸ்டீபன்ராஜின் முதுகெல்லாம் சேறு.

"உங்க பேர்லதாம்மா இருக்கு."

"எம்பேர்லன்னா நான்தான் வரச் சொல்லணும். சொன்னனா?"

"அம்மா, வூட்ல போய்ப் பேசிக்கலாம்" என்றான் ஸ்டீபன்ராஜ்.

"வூட்ல நீதான் பேசுவ. இங்கயே சொல்லிட்றேன். கையெழுத்து போட மாட்டேன். வண்டி இதுதான். காரு வோணும்னா நீ வாங்கிக்கோ, ஒம்பொண்டாட்டிய வச்சிக்கினு பாண்டியில ஓட்டு."

"இப்பிடிப் பண்ணா நான் இந்த வூட்டுப் பக்கமே வரமாட்டேன்."

சவுரியம்மாள் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள், அது முகத்தில் தெரிந்தது.

"சரி" என்றாள்.

மெர்லின் வண்டியில் ஏறி ரிவர்ஸ் எடுத்தாள். அண்ணன் இனிமேல் வருவானா மாட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. வராவிட்டால் அறுவடைக்கு ஒரு ஆள் குறையப்போவதில்லை, ஒரு நாளும் அவன் வந்ததில்லை. மார்கழியில் விதைக்க வேண்டும். அதற்குள் காட்டுப் பக்க வேலியை முடிக்க வேண்டும்.

பாதை குலுக்கியது. பாக்கியசாமி கேபின் கூரையைத் தட்டினார். லோடு வண்டியில் நிற்கிறவர்கள் நிறுத்தச் சொல்லித் தட்டுகிற தட்டு. மெர்லினின் கால் பிரேக்கைத் தேடியது.

மறுபடியும் தட்டினார், பலமாக.

"முட்டி வலிக்குதோ என்னவோ" என்றாள் மெர்லின்.

"வலிக்கும்" என்றாள் சவுரியம்மாள். "கம்பியைக் கெட்டியாப் புடிச்சிக்கணும். நானும் அப்பிடித்தான் வந்தேன். நீ ஓட்டு."